கருப்பட்டிக் காபியும் இனிப்பு மாத்திரையும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

நீரிழிவு உள்ளவர்களின் உணவு பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இனிப்பைப் பற்றியே இருந்தன. சோற்றைக் குறைக்கச் சொன்னதைக்கூட வாசகர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்; காபியில் எதைப் போடுவது என்பதுதான் அவர்களுக்குத் தீராத கேள்வியாக இருக்கிறது. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, சுருக்கி, ஆறு கேள்விகளாக இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் தந்தைக்கு 68 வயது. 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஓராண்டுக்கு முன் சீனியை அடியோடு நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக் காபிக்கு மாறினார். ஒரு நாளைக்கு நான்கு முறை குடிக்கிறார். "கருப்பட்டி பனையிலிருந்து வருவது, அது சர்க்கரையைக் கூட்டாது" என்று உறுதியாகச் சொல்கிறார். ஆனால் அவருடைய மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 7.4-லிருந்து 8.6-க்கு ஏறிவிட்டது. அவருக்கு எப்படிப் புரியவைப்பது?
— வாசகி, கோவில்பட்டி

உங்கள் தந்தை தனி ஆள் அல்லர். தென்மாவட்டங்களிலிருந்து என்னிடம் வருகிறவர்களில் பலர் இதே நம்பிக்கையோடுதான் வருகிறார்கள். இதில் அவர்களைவிட எங்கள் பங்கு பெரிது என்று நினைக்கிறேன். மருத்துவர் "சர்க்கரை சேர்க்காதீர்கள்" என்கிறார். அந்தச் சொல்லோ ஊருக்கு ஊர் வேறு பொருள் தருகிறது. உங்கள் பக்கத்தில் வெள்ளையாக இருப்பது சீனி. கொங்கு வட்டாரத்துப் பெரியவர்களுக்கு அது அஸ்கா. சர்க்கரை என்றால் அவர்களுக்கு நாட்டுச் சர்க்கரை. சர்க்கரைப் பொங்கலில் நாம் போடுவதும் வெல்லத்தைத்தான். எனவே எதை விட வேண்டும் என்பதைப் பெயர் பெயராகச் சொல்லாத மருத்துவரின் அறிவுரை, கேட்பவர் தமக்குப் பழக்கமான பொருளில் எடுத்துக்கொள்ளும்படி ஆகிவிடுகிறது.

கருப்பட்டி எப்படி உருவாகிறது என்பதை உங்கள் தந்தை என்னைவிட நன்றாக அறிந்திருப்பார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, சுண்டவைத்து, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். பதநீரின் இனிப்புக்குக் காரணம் சுக்ரோஸ் என்னும் சர்க்கரை. கரும்புச் சாற்றின் இனிப்புக்குக் காரணமும் அதே சுக்ரோஸ்தான். காய்ச்சும்போது நீர் போய்விடுகிறது, சுக்ரோஸ் தங்கிவிடுகிறது. வெல்லமோ, நாட்டுச் சர்க்கரையோ, கருப்பட்டியோ, அவற்றின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கோ அதற்கும் மேலாகவோ சர்க்கரைதான் இருக்கிறது. பனங்கற்கண்டு படிகமாக்கப்பட்டது என்பதால் அதில் இந்த அளவு இன்னும் கூடுதல். தேனில் நீரைத் தவிர மிச்சமிருப்பது பெரும்பாலும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும். குடலுக்குள் போன பிறகு சுக்ரோஸ் பாதி குளுக்கோஸாகவும் பாதி ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது. அது பனையிலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று குடலுக்குத் தெரியாது.

கருப்பட்டியில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் இருப்பது உண்மை. ஆனால் காபியில் போடும் 10 கிராம் வெல்லத்திலோ கருப்பட்டியிலோ கிடைக்கும் இரும்பை நம்பி ஒருவர் சர்க்கரையை ஏற்றிக்கொள்வது சரியான பேரமே இல்லை. முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. இரும்புக்குக் கீரையும் பயறு வகைகளும் இருக்கின்றன.

என் மேசையில் ஒரு சிறிய மின்னணுத் தராசு வைத்திருக்கிறேன். சில மாதங்களுக்கு முன், உங்கள் தந்தையைப் போலவே வாதிட்ட பெரியவர் ஒருவரிடம், வீட்டில் ஒரு டம்ளர் காபிக்குத் தட்டிப்போடும் அளவைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்த அந்தக் கருப்புச் சில்லைத் தராசில் வைத்தபோது 16 கிராம் காட்டியது. முன்பு சீனி எத்தனை கரண்டி போட்டீர்கள் என்று கேட்டேன். இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 10 கிராம். கருப்பட்டியின் இனிப்பு நாக்கில் சற்று மந்தமாகத் தெரிவதால் அளவு தானாகவே கூடிவிடுகிறது. "இது கெடுதல் இல்லை" என்ற எண்ணம் அதை இன்னும் கூட்டுகிறது. அவர் தராசையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இதையே செய்து பாருங்கள். ஒரு வாரம் கருப்பட்டிக் காபி, ஒரு வாரம் இனிப்பில்லாத காபி என்று குடிக்கச் செய்து, குடித்து இரண்டு மணி நேரம் கழித்து வீட்டிலுள்ள குளுக்கோமீட்டரில் பார்த்து ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சராசரி ஏறியதற்குக் கருப்பட்டி ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. 12 ஆண்டுகள் ஆன நோயில் இன்சுலின் சுரப்பே குறைந்திருக்கலாம், மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம். ஆயினும் அவரும் அந்தப் பெரியவரைப் போலவே போடுகிறார் என்றால், நான்கு காபியில் நாளைக்கு 60 கிராமுக்கு மேல் கருப்பட்டி உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது எந்த மாத்திரை போதவில்லை என்று முடிவுசெய்வது மருத்துவருக்கு எளிதன்று.

காபிக்கு இனிப்பு மாத்திரை போட்டுக்கொள்கிறேன். அது புற்றுநோயை உண்டாக்கும் என்றும், உலக சுகாதார நிறுவனமே அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்றும் வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. நிறுத்திவிடலாமா?
— வாசகர், சென்னை

2023-ஆம் ஆண்டில் வந்த இரண்டு தனித்தனி அறிவிப்புகளை ஒன்றாகக் குழப்பிய செய்தி இது. இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, அந்த ஆண்டு மே மாதம் வந்த வழிகாட்டுதல். உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதில் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று அதே அறிவிப்பில் சொல்லப்பட்டிருந்தது. பகிரப்படும் செய்திகளில் அந்த ஒரு வரி மட்டும் காணாமற்போய்விட்டது. உங்களுக்கு அது முழுப் பாதுகாப்பு என்று சான்றிதழ் தந்துவிட்டதாகவும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த வழிகாட்டுதல் உங்களைப் பற்றிப் பேசவில்லை என்பதே சரியான பொருள்.

இரண்டாவது, இனிப்பு மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் அஸ்பார்ட்டேம் என்னும் செயற்கை இனிப்பைப் பற்றி ஜூலை மாதம் வந்த முடிவு. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை அதை '2பி' என்னும் பிரிவில் சேர்த்தது. புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும், ஆனால் சான்றுகள் குறைவு என்பது அந்தப் பிரிவின் பொருள். சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. எவ்வளவு உண்டால் ஆபத்து என்பதை அந்த முகமை ஆராய்வதில்லை. அளவை ஆராயும் உணவுச் சேர்க்கைப் பொருள் நிபுணர் குழு, ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் வரை என்ற பழைய வரம்பை மாற்ற வேண்டியதில்லை என்று அதே நாளில் அறிவித்தது. நீங்கள் 60 கிலோ என்றால் 2,400 மில்லிகிராம். காபியில் போடும் ஒரு மாத்திரையில் பொதுவாக 20 மில்லிகிராம் அளவில்தான் அஸ்பார்ட்டேம் இருக்கும். வரம்பைத் தொட 120 மாத்திரைகள் தேவை. நாளைக்கு நான்கு மாத்திரை போடுகிறவர் இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம். பிறவியிலேயே ஃபினைல்கீட்டோன்யூரியா என்னும் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் அஸ்பார்ட்டேமை அறவே தவிர்க்க வேண்டும்.

சாக்கரின் கதையும் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். 1879-இல் கண்டுபிடிக்கப்பட்ட அந்தப் பழைய இனிப்பு, 1970-களில் எலிகளுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வந்ததால் சந்தேகத்துக்கு உள்ளாகி, அமெரிக்காவில் எச்சரிக்கை வாசகத்தோடு விற்கப்பட்டது. எலிகளின் சிறுநீரில் நிகழ்ந்த அந்த மாற்றம் மனிதர்களுக்குப் பொருந்தாது என்று தெரிந்த பிறகு, 2000-இல் அந்த வாசகம் நீக்கப்பட்டது.

இந்த இனிப்பு உங்களுக்கு என்ன நன்மை செய்கிறது என்ற கேள்வியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினரை மட்டும் காபி, தேநீரில் சர்க்கரைக்குப் பதில் சுக்ரலோஸ் என்னும் செயற்கை இனிப்பைச் சேர்க்கச் செய்து 12 வாரங்கள் கவனித்தது. முடிவுகள் 2024-இல் வெளியாயின. உடல் எடையும் இடுப்புச் சுற்றளவும் சிறிதளவு குறைந்தன. மூன்று மாதச் சராசரியில் இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனக்கு இது வியப்பளிக்கவில்லை. காபியிலிருந்து 10 கிராம் சர்க்கரையை எடுத்தவர், அதே நேரத்தில் தட்டில் மூன்று கரண்டிச் சோறு போட்டுக்கொண்டிருந்தால் கணக்கு எப்படி மாறும்? ஒரு கிண்ணம் வெந்த சோற்றில் மட்டும் 40 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கிறது.

எனவே மாத்திரையை நிறுத்துவதும் தொடர்வதும் உங்கள் விருப்பம். நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது, இதை ஊன்றுகோலாக வைத்துக்கொண்டு மெல்ல விட்டுவிடுங்கள் என்பதுதான். வாரத்துக்குக் கால் கரண்டி வீதம் இனிப்பைக் குறைத்துக்கொண்டு வந்தவர்களில் பலர், இரண்டு மாதம் கழித்துப் பழைய காபியைக் குடித்துவிட்டு "பாயசம் மாதிரி இருக்கிறது" என்று முகம் சுளித்திருக்கிறார்கள்.

கடைகளில் 'சுகர் ஃப்ரீ' என்று பிஸ்கட், சாக்லேட், மைசூர்பா எல்லாம் விற்கிறார்களே, தாராளமாகச் சாப்பிடலாமா? ஒரு முறை அந்தச் சாக்லேட்டை நான்கைந்து துண்டு சாப்பிட்ட பிறகு வயிற்றுப்போக்கு ஏற்பட்டது.
— வாசகர், சேலம்

வயிற்றுப்போக்குக்குக் காரணம் பெரும்பாலும் மால்ட்டிட்டால் அல்லது சார்பிட்டாலாக இருக்கும். இவை சர்க்கரை ஆல்கஹால் என்னும் வகையைச் சேர்ந்தவை; பெயரில் இருந்தாலும் போதை தரும் மதுவுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. சிறுகுடல் இவற்றை முழுமையாக உறிஞ்சாது. மிச்சம் பெருங்குடலுக்குப் போய், நீரை இழுத்துக்கொண்டு, வாயுவையும் உண்டாக்குகிறது. உறிஞ்சப்படும் பகுதி சர்க்கரையை ஓரளவு ஏற்றவும் செய்கிறது. சர்க்கரையில் கிராமுக்கு 4 கலோரி என்றால் மால்ட்டிட்டாலில் சுமார் 2 கலோரி. ஒன்றுமே இல்லை என்பது தவறு. எரித்ரிட்டாலில் கலோரி மிகவும் குறைவு. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு கூடுதலாக இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகமாக வந்ததாக 2023-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. உடலே அதைச் சிறிது உற்பத்தி செய்வதால், சாப்பிட்டதுதான் காரணமா என்பது அந்த ஆய்விலிருந்து உறுதியாகவில்லை. என்றாலும் இதய நோய் உள்ளவர்கள் தெளிவு வரும்வரை அதைத் தவிர்ப்பதையே நான் விரும்புகிறேன்.

மைசூர்பாவுக்கு வருவோம். அதில் சர்க்கரையை எடுத்துவிட்டால் கடலை மாவும் நெய்யும் அப்படியே இருக்கின்றன. பிஸ்கட்டில் மைதா இருக்கிறது. மைதா சர்க்கரையாக மாறும் வேகம் உங்களுக்குத் தெரியும். பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்து வாங்காதீர்கள். திருப்பிப் பிடித்து, சிறிய எழுத்தில் உள்ள பொருட்பட்டியலையும், 100 கிராமுக்கு மொத்தக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்பதையும் படியுங்கள். டெக்ஸ்ட்ரோஸ், லிக்விட் குளுக்கோஸ், இன்வர்ட் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் எல்லாம் இரத்தச் சர்க்கரையை ஏற்றுபவையே. சீனித்துளசி (ஸ்டீவியா) பொடி என்று விற்கப்படும் சில பொட்டலங்களில்கூட, இனிப்பு மிகச் சிறிதளவே தேவைப்படுவதால், எடைக்காக மால்டோடெக்ஸ்ட்ரினைக் கலந்திருப்பார்கள். பொருட்பட்டியலில் இனிப்பூட்டிகளை எண்ணால் குறித்திருந்தால், 950 அசிசல்ஃபேம், 951 அஸ்பார்ட்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 சீனித்துளசிச் சாரம், 965 மால்ட்டிட்டால். இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொண்டால் கடையில் கண்ணாடியைத் தேடும் நேரமாவது மிச்சமாகும்.

தீபாவளிக்கு அதிரசமும் பாயசமும் இல்லாமல் எங்கள் வீட்டில் முடியாது. கணவருக்கு நீரிழிவு. மாற்று இனிப்பில் செய்ய முடியுமா?
— வாசகி, தஞ்சாவூர்

பாயசம் முடியும், அதிரசம் முடியாது. அதிரசத்தில் வெல்லம் இனிப்பு மட்டும் தருவதில்லை. தண்ணீரில் போட்டால் உருட்ட வருகிற அந்தப் பாகுதான் ஈர அரிசி மாவைப் பிடித்துச் சேர்த்து, எண்ணெயில் போட்டால் பிரிந்துபோகாமல் காத்து, அந்த நிறத்தையும் மணத்தையும் தருகிறது. சர்க்கரையைவிட 600 மடங்கு இனிக்கும் சுக்ரலோஸைச் சிட்டிகை அளவுதான் போட முடியும். சிட்டிகையில் பாகு வராது. தவிர, சுக்ரலோஸை 120 டிகிரிக்கு மேல் சூடாக்கும்போது தீங்கான சேர்மங்கள் உண்டாகக்கூடும் என்று ஜெர்மனியின் உணவுப் பாதுகாப்பு நிறுவனம் எச்சரித்திருப்பதால், எண்ணெயில் பொரிப்பதற்கும் ஓவனில் சுடுவதற்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

பாயசத்தில் சுக்ரலோஸோ சீனித்துளசியோ சேர்க்கலாம். அஸ்பார்ட்டேம் கொதிநிலையில் இனிப்பை இழந்துவிடும் என்பதால், அதைச் சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு சேருங்கள். சீனித்துளசி சற்றுக் கூடினாலும் அதிமதுரம் போன்ற ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். ஏலக்காயும் ஒரு துளி பச்சைக் கற்பூரமும் அதை ஓரளவு மறைக்கும். சேமியாவும் அரிசியும் பாலும் தம் கணக்கோடு உள்ளேதான் இருக்கின்றன என்பதால் சிறிய கிண்ணம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

உங்கள் கணவரின் சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்குமானால், பண்டிகையன்று காலையில் இரண்டு இட்லியைக் குறைத்துக்கொண்டு, உணவோடு சேர்த்து ஒரே ஒரு சிறிய அதிரசத்தை, உண்மையான அதிரசத்தையே, மெல்லச் சுவைத்துச் சாப்பிடட்டும். சர்க்கரையில்லாதது என்ற பெயரில் நாள் முழுக்கத் தட்டுத் தட்டாகச் சாப்பிடுவதைவிட அது நல்லது. இன்சுலின் போடுகிறவர் என்றால் அளவைப் பற்றி முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கர்ப்பகால நீரிழிவு உள்ள என் மகள் இனிப்பு மாத்திரை பயன்படுத்தலாமா?
— வாசகி, வேலூர்

சாக்கரின் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவுக்குச் செல்வதால் அதைத் தவிர்க்க வேண்டும். அஸ்பார்ட்டேமும் சுக்ரலோஸும் வரம்புக்குள் அனுமதிக்கப்பட்டவையே. ஆனாலும் சில மாதங்கள்தானே, இனிப்பில்லாமலே காபியைப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். காபியையும் இரண்டு டம்ளருக்கு மேல் போகவிடாதீர்கள்.

தந்தைக்குச் சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் சர்க்கரையே வாங்குவதில்லை, இனிப்பு மாத்திரைதான். சென்ற மாதம் ஒரு நாள் மதியம் அவருக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. குளுக்கோமீட்டர் 54 காட்டியது. அம்மா பதற்றத்தில் ஐந்தாறு இனிப்பு மாத்திரைகளைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார். தேறவில்லை. பக்கத்து வீட்டில் சர்க்கரை வாங்கி வந்து கொடுத்த பிறகும் நீண்ட நேரம் ஆனது. அவர் க்ளிமெபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறார். ஏன் இப்படி ஆனது?
— வாசகர், திருச்சி

வந்த கடிதங்களிலேயே இதைத்தான் நான் இரண்டு முறை படித்தேன். எல்லா வாசகர்களும் இதை வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் படித்துக் காட்ட வேண்டுகிறேன்.

இனிப்பு மாத்திரை நாக்குக்கு மட்டும்தான் இனிப்பு. இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது என்பதற்காகத்தான் அதை வாங்குகிறோம். ஏற்ற வேண்டிய நேரத்திலும் அது ஏற்றாது. உங்கள் தாயார் கொடுத்த தண்ணீர் இனித்திருக்கும், அதில் உங்கள் தந்தைக்குத் தேவையான குளுக்கோஸ் இல்லை. சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அந்த நேரத்துக்கு அதுவே ஆபத்து, சர்க்கரையே மருந்து.

அடுத்து, பக்கத்து வீட்டுச் சர்க்கரை ஏன் வேலை செய்யத் தாமதமானது? வோக்ளிபோஸும் அதைப் போன்ற அகார்போஸும் குடல் சுவரில் இருக்கும் நொதிகளைத் தடுத்து, மாவுச்சத்தும் சுக்ரோஸும் குளுக்கோஸாகப் பிரிவதைத் தாமதப்படுத்துகின்றன. உணவுக்குப் பின் சர்க்கரை திடீரென ஏறாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் சர்க்கரை தாழ்ந்திருக்கும்போது கொடுக்கும் வெள்ளைச் சர்க்கரையும் வெல்லமும் பிரியாமல் குடலிலேயே காத்திருக்க நேரிடுகிறது. இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டியது, ஏற்கெனவே பிரிந்த நிலையில் இருக்கும் குளுக்கோஸ். மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியில் மூன்று தேக்கரண்டி, அதாவது 15 கிராம், அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். 70-க்கு மேல் வரவில்லை என்றால் மீண்டும் அதே அளவு கொடுங்கள். வேறெதுவும் இல்லாத நேரத்தில் தேன் கொடுக்கலாம். அதில் ஒரு பங்கு குளுக்கோஸாகவே இருக்கிறது. வோக்ளிபோஸோ அகார்போஸோ சாப்பிடாதவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையே மூன்று தேக்கரண்டி போதும். தேறியதும் இட்லியோ ரொட்டியோ சிறிது சாப்பிடக் கொடுக்க வேண்டும். சர்க்கரையை இறக்கும் க்ளிமெபிரைடின் வேலை பல மணி நேரம் நீடிப்பதால் சர்க்கரை மறுபடியும் இறங்கக்கூடும், குறிப்பாக வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும்.

நினைவு தப்பியவருடைய வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழையுங்கள்.

குளுக்கோஸ் பொடிப் பொட்டலம் ஒன்றை மாத்திரை டப்பாவோடும், இன்னொன்றைத் தந்தை வெளியே எடுத்துச் செல்லும் பையிலும் வையுங்கள். பொட்டலத்தின் மேல் "சர்க்கரை தாழ்ந்தால் மூன்று கரண்டி" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். பதற்றத்தில் இருக்கும் தாயாருக்கு அந்த வரி போதும். சென்ற மாதம் நடந்ததை இதுவரை மருத்துவரிடம் சொல்லவில்லை என்றால், அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். அன்று மதியம் சாப்பாடு தாமதமானதா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். க்ளிமெபிரைடின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கலாம். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று கிரியேட்டினின் பரிசோதனையும் பார்த்துவிடுவது நல்லது.